மாட்டுத்தடத்தில் முப்பது துளைகள்

1974 ஏப்ரல் 16

கார் மறுபடி சேற்றில். அச்சு வரை. ஓரின் டிராக்டரோடு வந்து சங்கிலி மாட்டி இழுத்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "மண்ணைப் படிச்ச பொண்ணுன்னாங்க. எந்த மண்ணுல வண்டியை விடக்கூடாதுன்னு அந்தப் படிப்புல வராதோ?" என்றார்.

வரும். இந்தச் சாலையோரத்தைப் பற்றி "வடிகால் மோசம், வசந்தத்தில் நீர்மட்டம் ஓரடிக்குள்" என்று போன வாரம் எழுதியதே நான்தான். எழுதிவிட்டு அதன் மேலேயே ஓட்டி வந்தேன்.

வெர்மான்ட்டில் குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் நடுவே இன்னொரு பருவம் உண்டு. சேறு. அந்தப் பருவத்தில்தான் அரசாங்கம் என்னை வேலையில் சேர்த்தது. மாவட்டத்தின் மண் முழுவதையும் வகைபிரித்து வரைபடமாக்க வேண்டும். மூன்று ஆண்டுகள், மூன்று பேர். மற்ற இருவருக்கும் ஊருக்குள் விடுதி. எனக்கு இந்தப் பண்ணை வீட்டின் மாடி அறை. ஓரின் பீஸ்லி, அவர் மனைவி டெல்ஃபின், முப்பத்தெட்டுக் கறவை மாடுகள், லோயிஸ் என்கிற நான்.

இந்த டிசம்பர் வரை தகுதிகாண் பருவம். மாடுகளுக்கு அது இல்லை.

ஏப்ரல் 19

பாறையையும் கல்லையும் குழப்பாமல் இருப்பதுதான் இந்த வேலையில் பாதி.

பாறை என்றால் மலை. அடியில் இருப்பது, நகராதது. இந்தப் பக்கம் முழுக்க அது ஒரே இனம் — மைக்கா மின்னும் சாம்பல் பாறை. கல் என்றால் வந்தேறி. பனியாறு வடக்கேயிருந்து வழியில் அகப்பட்டதையெல்லாம் உடைத்து, அரைத்து, இழுத்துவந்து, உருகியபோது அப்படியே கொட்டிவிட்டுப் போனது. மாவு, மணல், பாறாங்கல் எல்லாம் ஒரே குவியல். அந்தக் குவியலுக்குத்தான் நாங்கள் பெயர் வைக்கிறோம். ஆழமாக இருந்தால் வெல்டன். ஒன்றரை அடியில் பாறை வந்துவிட்டால் ஹேக்கெட். இரண்டுமே ஊர்ப் பெயர்கள். இரண்டு ஊருக்கும் நான் போனதில்லை.

இதைச் சாப்பாட்டு மேசையில் விளக்கினேன். விளக்கியிருக்க வேண்டாம். டெல்ஃபின் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்: "கல்லெல்லாம் கனடாவுலேருந்து வந்ததா? நானும் அந்தப் பக்கத்தவதான் கண்ணு. ஆனா என்னை யாரும் இழுத்துட்டு வரலை. நானா வந்தேன்."

"இழுத்தேனே," என்றார் ஓரின்.

"நீயா? ரயில்ல என் பெட்டியைக்கூட நீ தூக்கலை."

ஏப்ரல் 27

இப்போது புரிகிறது, இருவரும் ஏன் மண்ணாழம் பார்க்கும் என் துளைப்பானைப் பற்றி இவ்வளவு அன்பாக விசாரிக்கிறார்கள் என்று.

கனெக்டிகட்டிலிருந்து ஒரு நிறுவனம். பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்கு மேல் மேய்ச்சல் நிலத்தில் இருபத்திரண்டு குடில்கள் கட்ட வேண்டுமாம். நாற்பது ஏக்கர். மாநிலத்தின் புதிய சட்டப்படி குடிலுக்குக் கழிவுநீர்க் குழி வேண்டும். குழிக்குப் பாறைக்கு மேலே நாலடி மண் வேண்டும். நாலடி இருக்கிறதா இல்லையா என்று யார் சொல்வது? மண் வரைபடம். வரைபடம் யார்? மாடியில் குடியிருக்கிற இருபத்துநாலு வயதுக்காரி.

ஓரினுக்கு விற்க வேண்டும். இரண்டு முழங்காலும் போய்விட்டன. பால் கறக்கக் குனிந்தால் நிமிர ஒரு மாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. டெல்ஃபினுக்கு விற்கக் கூடாது. ஏன் என்று கேட்டேன். "கூடாது," என்றாள். அவ்வளவுதான்.

காலையில் ஓரின்: "மேல் நிலத்துல எங்கப்பா உருளைக்கிழங்கு போட்டவரு. கெழங்குன்னா மண்ணு ஆழமாத்தானே இருக்கணும்? சும்மா சொன்னேன். நீ உன் வேலையைப் பாரு."

மதியம் டெல்ஃபின்: "அவரு கெழங்குக் கதை சொன்னாரா? கெழங்குக்கு ஒரு அடி போதும். சும்மா சொன்னேன்."

ஹாலிஸிடம் — எங்கள் குழுத் தலைவர் — இந்த வீட்டை விட்டு வேறு இடம் பார்க்கட்டுமா என்று தொலைபேசியில் கேட்டேன். "ஏன் தாயே, சோறு சரியில்லையா?" என்றார். சோறு நன்றாகவே இருக்கிறது. அதுதான் சங்கடம்.

மே 3

ஓடையோரச் சரிவில் கால் சறுக்கி, கணுக்கால் முட்டைகோஸ் அளவுக்கு வீங்கிவிட்டது. டெல்ஃபின் பழுப்புக் காகிதத்தைப் புளிக்காடியில் நனைத்துச் சுற்றிக் கட்டினாள். அறிவியல்படி அதில் ஒன்றுமில்லை. வலி குறைந்துவிட்டது. எரிச்சலாக இருக்கிறது.

மே 9

படுக்கை. நடுநிலை என்பது இடமா, தோரணையா? ஜன்னலிலிருந்து மேல் நிலம் முழுக்கத் தெரிகிறது. நூறடிக்கு முப்பதடி ஏற்றம். சரிவுக்கும் ஆங்கில எழுத்து உண்டு: ஏ என்றால் சமதளம், ஈ என்றால் ஆடுகூட யோசிக்கும். இது டி. ஆடு யோசிக்காது. நான் யோசிப்பேன்.

மே 14

மேல் நிலம் முடிந்தது.

ஒரு பகுதிக்கு ஒரு கோடு, கோட்டில் சம இடைவெளியில் பத்து இடங்கள். இடத்தை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது, காலடிக் கணக்குதான் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கும் மனம் பொய் சொல்லும், பாதம் சொல்லாது. கல்லூரியில் இந்த வரியை அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

கோட்டை மேலிருந்து கீழாகப் போட வேண்டும். கணுக்கால் ஒத்துழைக்கவில்லை. நடக்க லேசாக எந்தப் பக்கம் என்று டெல்ஃபினைக் கேட்டேன். "பிளந்த மரத்துலேருந்து மேற்கே போ. மாடுங்க நடந்து நடந்து சமமா ஒரு தடம் போட்டு வச்சிருக்கு. ஈரமே இருக்காது."

உண்மை. சரிவுக்குக் குறுக்கே, வரப்பு போல, உலர்ந்த தடம். மாடுகளின் பொறியியல்.

முதல் இடம்: ஒன்றரை அடியில் முட்டியது. விதிப்படி ஓர் எட்டு தள்ளி மறுபடி, அதுவும் முட்டியது. இன்னொரு எட்டு. முட்டியது. மூன்று முறை முட்டினால் 'பாறை' என்று எழுதலாம். எழுதினேன். இரண்டாம் இடம் அப்படியே. மூன்றாம் இடம். பத்து இடம், முப்பது துளை, முப்பதும் ஒன்றரை அடியில். இவ்வளவு ஒழுங்கான தரவு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. கணுக்கால் வலியை மறந்தே போனேன்.

மேலே உள்ள மண்: விரலில் எடுத்து எச்சில் விட்டுப் பிசைந்தால் நாடாவாக முக்கால் அங்குலம், பிறகு முறிகிறது. மணல் தூக்கலாக, களி குறைவாகக் கலந்த இருமண். வண்ணப் புத்தகத்தில் வைத்துப் பார்த்தால் அடர் பழுப்பு, கீழே துருவேறியது. பழைய உழவின் தடயம்.

துளைப்பான் நுனியில் ஒட்டிவந்த சில்லுகளை ஒரு ஜாம் குப்பியில் போட்டுக் கொண்டுவந்தேன். மண் அப்பியிருந்தாலும் அழகுதான். ஒன்றில் இளஞ்சிவப்பு மாதிரி ஏதோ. ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறேன்.

மே 15

வரைபடத் தாளில் பென்சிலால் எழுதினேன்: ஹேக்கெட், டி. பாறைக்கு ஆழம் ஒன்றரை அடி.

கீழே பால் பாத்திரம் கழுவும் சத்தம். டெல்ஃபின் ஏதோ பிரெஞ்சுப் பாட்டை முணுமுணுக்கிறாள். நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. தரவு சாய்ந்தது. சாய்ந்த பக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது என்பது தற்செயல்.

ஜூன் 6

ஹாலிஸ் தாளைப் பார்த்தார். முப்பது எண்களையும் விரலால் தடவிக்கொண்டே போனார்.

"பனியாத்து மண்ணுல இவ்வளவு ஒழுங்கா?"

"முப்பது தடவை."

"ம்." கோட்டின் திசையைப் பார்த்தார். கிழக்கு–மேற்கு. ஏதோ சொல்ல வாய் திறந்தார். அந்த நேரம் டெல்ஃபின் புளிப்பு ருபார்ப் தண்டு வைத்த அப்பத்தோடு வந்தாள். வாயை அப்பம் நிரப்பியது. கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 20

ஓரினுக்குத் தெரிந்துவிட்டது. நிறுவனத்தின் ஆள் மாவட்ட அலுவலகத்தில் தாளைப் பார்த்திருக்கிறான். "பாறை நிலம், எங்களுக்கு வேண்டாம்" என்று கடிதம்.

வைக்கோல் வயலிலிருந்து நேராக வந்தார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"பாறையா? எங்கப்பன் ஏர் ஓட்டின நிலத்துல?"

"ஏர் ஓடுறதுக்கு ஒரு அடி போதும், மிஸ்டர் பீஸ்லி."

"முப்பது எடத்துலயும் பாறை."

"முப்பது இடத்துலயும்."

தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்தார். "அம்பத்தாறு வருஷமா நான் அது மேல நடக்குறேன். நீ ஒரு மத்தியானம் நடந்த." பிறகு, "சரி. படிச்சவங்க நீங்க," என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனார். முழங்காலை மடக்காமல், கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து.

ஜூன் 21

மேசையில் மூன்று பேர். எனக்கு மட்டும் இரண்டாவது துண்டு அப்பம்.

ஜூலை 30

சிவப்புக் கொட்டகைப் பண்ணை, ஓடைக்கு அப்பால். நாற்பத்தோரு துளை. ஒரு ஒழுங்கும் இல்லை. இரண்டடி, நாலடி, ஓரடி, நாலடி. பனியாறு ஒழுங்காக எதையும் போடவில்லை என்பதைத்தான் நான்கு ஆண்டு படித்தேன். எதற்காக இதை இங்கே எழுதுகிறேன்?

ஆகஸ்ட் 18

ஓரின் ஒரு பசுவின் முதுகைப் பிடித்து எழுந்தபோது அது நகர்ந்துவிட்டது. விழுந்தார். ஒன்றும் ஆகவில்லை என்கிறார். டெல்ஃபின் காகிதத்தைப் புளிக்காடியில் நனைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்டோபர் 2

எழுத வேண்டும். வரிசையாக எழுத வேண்டும்.

காலை. டெல்ஃபின் என் அறையைப் பெருக்கித் துடைத்திருந்தாள், குளிர்காலத்துக்கு முன் வழக்கமாகச் செய்வது போல. ஜாம் குப்பியையும் விடவில்லை. சில்லுகளை வெந்நீரில் அலசி, ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி, வெயிலில் காயவைத்திருந்தாள்.

இளஞ்சிவப்புக் கிரானைட். பால் வெள்ளைக் குவார்ட்ஸ். பச்சை கலந்த கறுப்பு ஒன்று. மறுபடி கிரானைட், ஆனால் சாம்பல். செங்கல் நிறத்தில் ஒரு மணற்கல். முப்பது சில்லில் மைக்கா மின்னும் சாம்பல் பாறை — நான்கே நான்கு.

பாறை பத்தெட்டுக்கு ஒருமுறை இனம் மாறுமா?

மாறாது. ஏப்ரல் 19, இதே நோட்டு: "பாறை ஒரே இனம். கல் வந்தேறி." நானே எழுதியது. சாப்பாட்டு மேசையில் விளக்கவும் செய்தேன்.

அப்போ அது என்ன? முப்பது கல்லா? ஒரே ஆழத்துல, ஒரே கோட்டுல, முப்பது கல்லு எனக்காக வரிசையில நின்னுச்சா? லோயிஸ், நீ ஒரு மடச்சி.

அக்டோபர் 3

போனேன். பிளந்த மரம். மாட்டுத்தடம். தடத்தில் ஒரு துளை: முட்டியது. ஒன்றரை அடி.

பிறகு, மே மாதம் செய்யாததைச் செய்தேன். தடத்தை விட்டுச் சரிவில் இரண்டு எட்டு கீழே இறங்கினேன்.

இறங்கியது. இரண்டடி. மூன்றடி. மூன்றரையில் கெட்டியானது — பனியாறு தன் எடையால் மிதித்து இறுக்கிய சாம்பல் மண், வேர் போகாதது, ஆனாலும் மண்தான். நாலடி. கைப்பிடி புல்லைத் தொட்டது. மேலே இரண்டு எட்டு ஏறினேன். கைப்பிடி வரை. இருநூறு அடி தள்ளி, மேலும் கீழும். கைப்பிடி வரை.

முட்டும்போதெல்லாம் ஓர் எட்டு தள்ளினேன், விதிப்படி. ஆனால் தடத்தின் மேலேயே தள்ளினேன். சரிவில் கால் வைக்க மனமில்லாமல். நாலைந்து அடி அகலத்தில், ஒன்றரை அடி ஆழத்தில், மலைக்குக் குறுக்கே ஒரே கோடாகக் கல். இயற்கை இப்படி எதையும் அடுக்காது. மனிதர்கள் அடுக்குவார்கள். புதைப்பார்களா?

பாதம் பொய் சொல்லாதாம். அடிக்கோடு வேறு.

அக்டோபர் 4

டெல்ஃபின் சமையலறையில் ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தாள். தோல் ஒரே சுருளாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அது பாறை இல்லை," என்றேன்.

"அப்படியா."

"சுவர். பொதச்ச கல்சுவர். உங்களுக்குத் தெரியும்."

"பொதச்சவளுக்குத் தெரியாதா?"

கத்தி நிற்கவில்லை. பேச்சும் தோல் மாதிரியே, அறுபடாமல் வந்தது. "நாப்பத்து நாலு. இவரு பட்டாளத்துல, இத்தாலியில. மாமனாருக்கு முதுகு போச்சு. விவசாய ஆபீஸ்லேருந்து ஒருத்தன் வந்தான். நடுச்சுவரை எடு, ரெண்டு வயலையும் ஒண்ணாக்கு, கெழங்கு போடு, பட்டாளத்துக்கு வேணும்னான். சொல்ல ஒருத்தன் வந்தான். எடுக்க ஒருத்தனும் வரலை. நானும் ரெண்டு குதிரையும். சுவருக்குக் கீழ்ப்பக்கமா நீளமா பள்ளம் வெட்டி, கடப்பாரையால நெம்பிவிட்டா மிச்சத்தைச் சரிவு பாத்துக்கும். மேல மண்ணு. ஏர் படாத ஆழம். அம்பத்தாறு நாள். எனக்கு இருபத்தி ரெண்டு வயசு, உன்னைவிட சின்னவ."

"வேணும்னேதான் என்னை அந்தத் தடத்துல அனுப்பினீங்க."

"சுளுக்கின காலோட சரிவுலயா ஏத்தி விடுவாங்க? நடக்க லேசா எதுன்னு கேட்ட. மாடு நடக்குறதைக் காட்டினேன்." கத்தி நின்றது. "ரெண்டும்தான் கண்ணு."

ரெண்டும்தான். அதுதான் என் கோபம்.

"மிஸ்டர் பீஸ்லிக்கு எப்படித் தெரியாம போச்சு?"

"கடுதாசியில எழுதினேன், நடுச்சுவரு போச்சுன்னு. திரும்பி வந்தாரு. வயல்ல நின்னு பாத்தாரு. 'பரவாயில்லை, அகலமா இருக்கு'ன்னாரு. எங்க போச்சு, எப்படிப் போச்சு, யாரு எடுத்தா — ஒண்ணும் கேக்கலை. முப்பது வருஷம். இப்ப அந்த மேட்டை விக்கிறேங்குறாரு. எதை விக்கிறோம்னே தெரியாம."

"நீங்களா சொல்லியிருக்கலாமே."

"அவரு கேக்கட்டும்னு இருந்தேன்." சிரித்தாள். "நீயும்தான் கேக்கலை. இந்த நிலத்துல யாராவது எதையாவது பொதச்சீங்களான்னு உன் படிவத்துல ஒரு கேள்வி இருக்கா?"

இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

அவர்கள் தேவாலயத்துக்கு. நான் தாளின் முன்.

மாற்றாவிட்டால்: டெல்ஃபினின் சுவர் பிழைக்கும். ஓரினின் முழங்கால்கள் கறக்கும். என் தகுதிகாண் பருவம் கழியும். வரைபடத்தில் ஒரு பொய் இருக்கும். அது பொய் என்பது இரண்டு பேருக்கும் முப்பத்தெட்டு மாடுகளுக்கும் மட்டும் தெரியும்.

மாற்றினால்: உண்மை, ஒரு பன்றிக்குட்டி போல, எல்லார் காலுக்கிடையிலும் ஓடும்.

எனக்கு டெல்ஃபினைப் பிடிக்கும். மே மாதமும் பிடித்திருந்தது. மே மாதம் அதைத் தற்செயல் என்று எழுதினேன்.

அக்டோபர் 7

ஹாலிஸிடம் சொல்லிவிட்டேன். தாளை மேசையில் வைத்து, சில்லுத் தட்டையும் பக்கத்தில் வைத்தேன். வெகுநேரம் சில்லுகளைப் புரட்டினார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன்.

"முப்பது துளை! ஒரே சுவத்துல! எதையும் தேடாம, நேரா, விதிப்படி! தாயே, பாக்கணும்னு போனாக்கூட எவனாலயும் முடியாது."

"நான் தாளைத் திருத்தணும்."

"திருத்தணும்." கண்ணைத் துடைத்தார். "நானும் கையெழுத்துப் போட்டவன்தான். அன்னைக்கு கிழக்கு–மேற்குன்னு பாத்தேன். கேக்க வந்தேன். அப்பம் வந்துடுச்சு."

மேலிருந்து கீழாக நான்கு கோடுகள், இரண்டு நாளில் முடிக்கச் சொன்னார். வீட்டுக்காரர்களிடம் நானே சொல்ல வேண்டும் என்றும். அது விதியில் இல்லை. அவர் சேர்த்தது.

அக்டோபர் 9

நான்கு கோடுகள். நாற்பது இடங்கள். ஒழுங்கே இல்லை, ஆனால் நாலடிக்குக் குறைந்தது மூன்றே இடம். வெல்டன், டி. அழிப்பானால் தேய்த்ததில் தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டில் சொன்னேன். ஒத்திகை பார்த்த வாக்கியம்: "மேல் நிலத்தைப் பத்தி நான் எழுதினது தப்பு. அங்க பாறை இல்லை. நான் துளைபோட்டது ஒரு பழைய சுவர் மேல."

ஓரின் உருளைக்கிழங்கை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். "எந்தச் சுவரு?"

டெல்ஃபின் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நடுச்சுவரா? அதைத்தான் அப்பவே ரோடு போட அரைக்கக் குடுத்துட்டாங்களே. பக்கத்துல எல்லாச் சுவரும் அங்கதானே போச்சு."

"யாரு சொன்னா?" என்றாள் டெல்ஃபின்.

"நீதானே எழுதின. சுவரு போச்சுன்னு."

"போச்சுன்னு எழுதினேன். எங்க போச்சுன்னு நீ கேட்டியா?"

"எங்க போச்சு?"

"அங்கயேதான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"அப்பா எப்படி... அப்பாவுக்குத்தான் முதுகு..."

"அப்பா இல்லை."

டெல்ஃபின் தன் இடத்தில் உட்கார்ந்து குழம்புக் கிண்ணத்தை எனக்குத் தள்ளினாள். ஓரின் அவள் கைகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தடித்த, சாதாரணமான கைகள், ஆப்பிள் கறை.

கடைசியில் என்னிடம், "அப்ப மண்ணு ஆழம்," என்றார்.

"நாலடிக்கு மேல."

"விக்கலாம்."

"விக்கலாம்."

கேட்க ஆறு மாதம் காத்திருந்த சொல். கேட்டுவிட்டு, அப்பத்தைத் தொடாமல் எழுந்து போனார்.

அக்டோபர் 10

ஜன்னலிலிருந்து: ஓரின் மாட்டுத்தடத்தில். கையில் இரும்புக் கம்பி. குத்துகிறார், நிற்கிறார், கேட்கிறார். ஓர் எட்டு. குத்துகிறார். மாடுகள் வேலியோரம் நின்று கறவைக்குக் கத்துகின்றன. அவர் திரும்பவில்லை. கடைசியில் டெல்ஃபின்தான் வாளியோடு போனாள்.

அக்டோபர் 12

"கண்ணு, மேல் ரூம்ல ஆப்பிளைப் பரப்பணும். இந்த வருஷம் காய்ப்பு ஜாஸ்தி," என்றாள் டெல்ஃபின்.

இந்த வருஷம் பனியில் பூ கருகி, மரத்துக்கு ஒரு கூடைகூடத் தேறவில்லை. நான், "சரி, திங்கட்கிழமைக்குள்ள காலி பண்ணிடறேன்," என்றேன். பெட்டியைக் கீழே இறக்க ஓரின் வந்தார். முழங்காலைப் பார்த்து நான் மறுத்தேன். "விடு," என்றார். "ஒரு பெட்டியைத் தூக்கலைன்னு முப்பத்திரண்டு வருஷமா கேட்டாச்சு."

நவம்பர் 29

ஊருக்குள், விடுதி. அறையில் வெந்நீர் வராது. குடில் நிறுவனம் மறுபடி பீஸ்லி வீட்டுக்கு வந்துபோனதாகக் கடையில் பேச்சு. விலை பேசுகிறார்களாம். நான்தான் காரணம். நான் மட்டும் இல்லை என்று எழுத வந்தேன், எழுதவில்லை.

டிசம்பர் 20

தகுதிகாண் பருவம் முடிந்தது. ஹாலிஸின் அறிக்கை, மொத்தமும் இரண்டே வரி: "நேர்மையானவர். நேர்கோட்டில் நடப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்."

1976 செப்டம்பர் 21

இந்த மாவட்டத்தில் கடைசி வாரம். அடுத்தது வடக்கே, எல்லையோரம்.

வரைபடத்துக்குச் சாலைப் பெயர்கள் சரிபார்க்க ஊர் எழுத்தர் அலுவலகம் போனேன். எழுத்தர் மிஸஸ் டட்டன் நிலப் பதிவேட்டை எடுத்துத் தந்தார். பீஸ்லி என்ற பெயரைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை.

விற்றிருக்கிறார். கீழ்ப்பாதி, சாலையோரம், பதினெட்டு ஏக்கர். குடில்கள் இருபத்திரண்டல்ல, ஒன்பது. வருகிற வழியில் பார்த்தேன், பச்சைக் கூரைகள். மேல்பாதி அவர்களிடமே. இரண்டுக்கும் நடுவே எல்லை வேண்டும் அல்லவா. அது இப்படிப் பதிவாகியிருக்கிறது. நின்றபடியே நகலெடுத்தேன்:

"...பிளந்த மரத்திலிருந்து மேற்கு நோக்கி, 1944-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் டெல்ஃபின் பீஸ்லி தன் கையால் புதைத்த கல்சுவரின் வழியே, அறுநூற்றுப் பத்து அடி. சுவர் விற்பவர்களுக்கே உரியது."

"வக்கீல் அந்த வரியை அடிக்கச் சொன்னாரு," என்றார் மிஸஸ் டட்டன். "கண்ணுக்குத் தெரியாத சுவத்தை எல்லையா எப்படிப் போடுறதுன்னு. ஓரின் அசையலை. 'கம்பியால குத்திப் பாரு, தெரியும்'னுட்டான். சரியான கழுதை."

எங்கள் வரைபடத்தில் அந்த மேடு ஒரே நிறம், ஒரே எழுத்து. சுவர் இல்லை. எங்கள் பேனாக் கோடே நிலத்தில் நாற்பதடி அகலம். நாலடிச் சுவர் அதற்குள் காணாமல் போய்விடும்.

செப்டம்பர் 22

விடைபெறப் போனேன். ஓரின் திண்டு வைத்த நாற்காலியில், கால்களை நீட்டி, செய்தித்தாளோடு. மாடுகள் எட்டே எட்டு. டெல்ஃபின் அப்பம் வைத்தாள். ஒரு துண்டு. இரண்டாவது துண்டு ஓரினுக்கு.

பதிவேட்டில் படித்ததைச் சொன்னேன். ஓரின் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

டெல்ஃபினுக்குத் தெரியாது போலிருந்தது. கையெழுத்து அவளும் போட்டிருக்கிறாள், படித்துப் பார்க்கவில்லையாம். "என்ன எழுதியிருக்கு? திரும்பச் சொல்லு," என்றாள். நகலை வாசித்தேன். கையைத் துண்டில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"அறுநூத்துப் பத்தா?"

"அறுநூத்துப் பத்து."

"யாரு அளந்தா?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து: "நான்தான். கம்பியால."

"தப்பு. அறுநூத்து நாப்பது. கடைசி முப்பதடிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அங்க மண்ணே வெட்டுப்படலை."

"அங்க கம்பி எறங்குச்சே."

"நீ குத்தினது தப்பு."

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்து சொல்றா பாரு!"

"நீ கேட்டியா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். காரில் துளைப்பான் இருந்தது.

மாட்டுத்தடத்தில் புல் வளர்ந்துவிட்டது. பிளந்த மரத்திலிருந்து நாடா பிடித்து மேற்கே. அறுநூற்றுப் பத்து: கல். அறுநூற்று இருபது: இரண்டடி வரை ஒன்றுமில்லை, கீழே ஓரின் வீட்டு வாசலில் நின்று கையைத் தூக்கினார். இரண்டேகாலில் முட்டியது. சுவர் அங்கே ஆழமாகிறது. அவருடைய கம்பி எட்டாத ஆழம். அறுநூற்று முப்பது: இரண்டேகால். கல்.

அறுநூற்று நாற்பது: கல். நுனியில் இளஞ்சிவப்பு.

அதற்கு அடுத்த எட்டில் துளைப்பான் கைப்பிடி வரை இறங்கியது.

திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். டெல்ஃபின் ஏற்கெனவே உள்ளே போய்விட்டிருந்தாள். ஓரின்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தொப்பியைக் கழற்றினார்.

சில்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கழுவவில்லை.